கடல் கடந்த குடிமகனும் வரிக்கடமையும்: அமெரிக்காவின் குடியுரிமைவழி வருமான வரி, வெளிநாட்டு வரி வரவு ஆகியவற்றின் வரலாறு (1861–2023)

ஆய்வுச் சுருக்கம்

உலக நாடுகள் பெரும்பாலும் தம் எல்லைக்குள் வசிப்போரின் மீதே முழு வருமான வரியை விதிக்கின்றன. அமெரிக்காவோ, தன் குடிமக்கள் எந்நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களின் உலகளாவிய வருமானத்தின் மீது வரி விதிக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தோன்றிய இம்முறையால் ஒரே வருமானம் இருமுறை வரிக்கு உள்ளாயிற்று. அதனைத் தவிர்க்க 1918ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம் வெளிநாட்டு வரி வரவு என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இவ்விரண்டின் வளர்ச்சியையும் சட்டங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வரி வரவு இரட்டை வரியின் சுமையைப் பெருமளவு நீக்கியது; ஆயின் கணக்குக் காட்டும் கடமையை நீக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அயலகக் குடிமகனின் சுமை வரி செலுத்துவதிலிருந்து அறிவிப்புக் கடமைக்கு இடம்பெயர்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குடியுரிமைவழி வரி, வெளிநாட்டு வரி வரவு, இரட்டை வரி, குக் எதிர் டைட் வழக்கு, கணக்குத் தாக்கல், அயலக அமெரிக்கர்.

முன்னுரை

நியூயார்க்கில் பணியாற்றி அங்கேயே வாழும் பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர், அங்குப் பெறும் ஊதியத்திற்கு அமெரிக்காவில் வரி செலுத்துகிறார். அவ்வூதியத்திற்குப் பிரான்சு அவரிடம் வருமான வரி கேட்பதில்லை. பாரிசில் பணியாற்றி அங்கேயே வாழும் அமெரிக்கக் குடிமகனின் நிலை வேறு. அவர் பிரான்சுக்கு வரி செலுத்திய பின்னும், அதே ஊதியத்திற்கான கணக்கை ஆண்டுதோறும் அமெரிக்க அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். முன்னவரின் வரிக்கடமையை வசிப்பிடம் தீர்மானிக்கிறது; பின்னவரின் வரிக்கடமையைக் குடியுரிமை தீர்மானிக்கிறது.

வருமான வரி விதிக்கும் நாடுகளுள் குடியுரிமையை இவ்வளவு விரிவான அடிப்படையாகக் கொண்ட நாடு அமெரிக்கா ஒன்றே. எரித்திரியா தன் அயலகக் குடிகளிடம் இரண்டு விழுக்காட்டு வரி பெறுகிறது. அது தனி வகையான வரியாகும். உலகின் பெருவழக்கிலிருந்து அமெரிக்கா ஏன் விலகி நின்றது, அவ்விலகலால் விளைந்த இரட்டை வரியை எவ்வாறு எதிர்கொண்டது, அத்தீர்வு எதைத் தீர்க்காமல் விட்டது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

1. போர்க்கால ஐயம் (1861–1872)

அமெரிக்கக் கூட்டாட்சியின் முதல் வருமான வரிச் சட்டம் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில மாதங்களில் இயற்றப்பட்டது. ஆண்டுக்கு 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்கு மூன்று விழுக்காடு வரி என்பது அதன் பொதுவிதி. அயல்நாட்டில் வசிக்கும் குடிமகன் அமெரிக்காவிலுள்ள தன் சொத்திலிருந்து பெறும் வருமானத்திற்கோ ஐந்து விழுக்காடு விதிக்கப்பட்டது. தொலைவில் இருப்பவருக்குச் சலுகை தராமல் கூடுதல் வரி விதித்தது இங்குக் கருதத்தக்கது. அச்சட்டத்தின்படி வருமான வரி தண்டப்படாமலேயே 1862ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. புதிய சட்டமும் அயலகக் குடிமகனுக்கு ஐந்து விழுக்காட்டையே வைத்துக்கொண்டது.

இதன் பின்னணியில் இருந்தது ஓர் அறச்சீற்றம். நாடு பிளவுபட்டுப் போரிட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்கச் சொத்தின் வருவாயைக் கொண்டு ஐரோப்பிய நகரங்களில் வாழ்ந்த செல்வர்கள் போரின் சுமையிலிருந்து ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்னும் எண்ணம் காங்கிரசில் நிலவியது. வெர்மான்ட் மாநிலச் செனட்டர் ஜேக்கப் காலமர், பாரிசில் குடியிருந்துகொண்டு நாட்டின் நெருக்கடியில் பங்கேற்காதவர் கூடுதல் வரி செலுத்துவதே முறை என்னும் கருத்தைச் செனட் அவையில் முன்வைத்தார். அயலகக் குடிமகன் என்றதும் அவர்கள் மனக்கண்ணில் தோன்றியவர் பிழைப்புக்காகக் கடல் கடந்த தொழிலாளியல்லர். கடமையைத் தட்டிக்கழித்த செல்வரே.

1864ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. அயல்நாட்டில் வசிக்கும் குடிமகனின் வருமானம் அமெரிக்காவிலிருந்து வந்தாலும் வேறெங்கிருந்து வந்தாலும் அது வரிக்குள் அடங்கிற்று. இன்றுள்ள முறையின் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது. போர் முடிந்தபின் வரி விகிதங்கள் குறைந்து, 1872இல் வருமான வரியே காலாவதியாயிற்று. வரி மறைந்தபோதும் குடிமகன் எங்கிருந்தாலும் அவன் வருமானம் நாட்டின் வரிக்கு உட்பட்டது என்னும் கருத்து மறையவில்லை. 1894ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், குடிமகன் தாயகத்தில் வசித்தாலும் அயலகத்தில் வசித்தாலும் வரிக்கு உரியவன் என்று மீண்டும் விதித்தது. மறு ஆண்டே பொல்லாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வரியைச் செல்லாததாக்கியது. ஆனால் அதற்குக் காட்டப்பட்ட காரணம் குடியுரிமை பற்றியதன்று, நேர்முக வரியை மாநிலங்களிடையே மக்கள்தொகைப்படி பங்கிட வேண்டும் என்னும் அரசியலமைப்பு விதி பற்றியது.

2. 1913ஆம் ஆண்டுச் சட்டமும் இரட்டை வரியும்

1913 பிப்ரவரியில் ஏற்பளிக்கப்பட்ட பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனியருக்கு 3,000 டாலர், மணமான இணையருக்கு 4,000 டாலர் என விலக்கு வைத்து, அதற்கு மேல் ஒரு விழுக்காடு அடிப்படை வரி விதிக்கப்பட்டது. ஐந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்திற்குக் கூடுதல் வரி ஆறு விழுக்காடு வரை உயர்ந்தது. தாயகத்திலும் அயலகத்திலும் வசிக்கும் குடிமக்கள் அனைவரும் என்னும் பழைய சொல்லாட்சி இச்சட்டத்திலும் இடம்பெற்றது. போர்க்காலச் சினத்தில் பிறந்த விதி, அமைதிக்காலச் சட்டத்திற்குள் பெரிய விவாதமின்றிப் புகுந்தது எனலாம்.

அன்று அதனால் பெருந்துன்பம் விளையவில்லை. விகிதம் குறைவு, விலக்கு உயர்வு. முதல் 1040 படிவம் அறிவுறுத்தப் பக்கத்தையும் சேர்த்து நான்கு பக்கங்களே கொண்டது. வெளிநாட்டில் செலுத்திய வரியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் சட்டம் இடமளித்தது. ஒரு விழுக்காட்டு வரியில் இக்கழிவு போதுமானதாகவே தோன்றியிருக்கும்.

முதல் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. 1918ஆம் ஆண்டு வருமானத்திற்கு அமெரிக்காவின் உச்ச வரி விகிதம் 77 விழுக்காட்டை எட்டியது. பிரிட்டனின் பொது விகிதம் பவுனுக்கு ஆறு ஷில்லிங், அதாவது 30 விழுக்காடு ஆயிற்று. இரு நாடுகளின் வரியும் ஒரே வருமானத்தின் மீது விழுந்தபோது, முன்பு சிறு சுமையாக இருந்தது தாங்கவொண்ணாததாயிற்று. இச்சிக்கல் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டன் தன் பேரரசின் பகுதிகளுக்கிடையே எழுந்த இரட்டை வரிக்கு 1916இல் ஒரு தணிப்பு முறையைக் கொண்டுவந்தது; இந்தியாவின் 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் அதற்கு இணையான விதி இருந்தது. ஆயின் அது ஒரே முடியாட்சிக்கு உட்பட்ட ஆட்சிப்பகுதிகளுக்கிடையேயான ஏற்பாடு. அயலரசுக்குச் செலுத்திய வரியை ஏற்பது வேறு செய்தி.

3. தாமஸ் ஆடம்சும் வரி வரவும்

அந்த வேறு செய்தியைச் சட்டமாக்கியதில் பெரும்பங்கு ஆற்றியவர் யேல் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் தாமஸ் சூவல் ஆடம்ஸ். போர்க்காலத்தில் கருவூலத்துறையின் வரி ஆலோசகராக அவர் பணியாற்றினார். அவரது முயற்சியால் 1918ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டத்தில் வெளிநாட்டு வரி வரவு இடம்பெற்றது. சட்டம் 1919 பிப்ரவரி 24இல் ஒப்புதல் பெற்று, 1918ஆம் ஆண்டின் வருமானத்திற்கே பொருந்தியது. தனியருக்கும் நிறுவனங்களுக்கும் இது தனித்தனிப் பிரிவுகளில் வகுக்கப்பட்டது.

கழிவுக்கும் வரவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அயலகத்தில் வாழும் குடிமகன் ஒருவரின் வருமானம் 1,00,000 டாலர் எனக் கொள்வோம். அந்நாட்டு வரி 30 விழுக்காடு. அமெரிக்க வரி 40 விழுக்காடு. கழிவு முறையில், செலுத்திய 30,000 டாலர் வருமானத்திலிருந்து நீக்கப்படும். எஞ்சிய 70,000 டாலருக்கு 40 விழுக்காடாக 28,000 டாலர் அமெரிக்காவுக்குச் சேரும். இரு வரிகளும் சேர்ந்து 58,000 டாலர். வரவு முறையில், அமெரிக்க வரியாகிய 40,000 டாலரிலிருந்தே 30,000 டாலர் நேராகக் குறைக்கப்படும். அமெரிக்காவுக்குச் செலுத்த வேண்டியது 10,000 டாலர் மட்டுமே. இரு வரிகளும் சேர்ந்து 40,000 டாலர். அதாவது, இரு நாட்டு விகிதங்களுள் உயர்ந்ததையே குடிமகன் மொத்தச் சுமையாக ஏற்கிறான்.

இம்முறை ஓர் அரசியல் கோட்பாட்டையும் உள்ளடக்கியது. வருமானம் எங்கே ஈட்டப்பட்டதோ அந்நாட்டுக்கே வரியில் முதல் உரிமை. குடிமகனின் நாட்டுக்கு எஞ்சியதில் உரிமை என்பதே அது. அயல்நாட்டுடன் உடன்படிக்கை செய்துகொள்ளாமலே, கைம்மாறு பெறாமலே, தன் கருவூலத்திற்கு வரவேண்டிய பணத்தை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. பின்னாளில் பன்னாட்டு வரி உடன்படிக்கைகளுக்கான கருத்துருவாக்கம் நாடுகளின் சங்கத்தில் நிகழ்ந்தபோது ஆடம்ஸ் அதிலும் பங்கேற்றார். அமெரிக்காவின் முதல் வருமான வரி உடன்படிக்கை 1932இல்தான் பிரான்சுடன் கையெழுத்தாயிற்று. வரி வரவு அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் மூத்தது.

குடியுரிமைவழி வரியை ஆடம்சின் ஏற்பாடு எதிர்க்கவில்லை என்பதையும் நோக்க வேண்டும். அது அக்கோட்பாட்டை வைத்துக்கொண்டே அதன் கடுமையைக் குறைத்தது. வரவு இல்லாதிருந்தால் அம்முறை உயர்விகிதக் காலத்தில் நிலைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. ஆகவே விதியைத் தளர்த்திய வரவே விதியை நிலைநிறுத்தவும் துணைசெய்தது.

4. வரவுக்கு இட்ட வரம்பு

1918ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. செலுத்திய வெளிநாட்டு வரி எவ்வளவாயினும் முழுவதையும் அமெரிக்க வரியிலிருந்து குறைத்துக்கொள்ள அது இடமளித்தது. அயல்நாட்டு விகிதம் அமெரிக்க விகிதத்தை விட உயர்ந்திருந்தால், மிகுதி வரி உள்நாட்டு வருமானத்தின் மீதான வரியையும் குறைத்துவிடும். பிரிட்டனில் 30 விழுக்காடு வரி செலுத்திய அமெரிக்க நிறுவனத்திற்கு 1919இல் தாயக வரி பத்து விழுக்காடே. அப்படியாயின் அமெரிக்க மண்ணில் ஈட்டிய இலாபத்தின் மீதான வரியும் பிரிட்டிஷ் கருவூலத்தின் பொருட்டுக் கரைந்துபோகும்.

1921ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வரம்பு கட்டியது. வெளிநாட்டு வருமானத்தின் மீது கணக்கிடப்படும் அமெரிக்க வரி எவ்வளவோ அதற்கு மேல் வரவு இல்லை என்று அது விதித்தது. அவ்வரம்பை எல்லா நாடுகளையும் சேர்த்துக் கணக்கிடுவதா, நாட்டுக்கு நாடு தனியே கணக்கிடுவதா என்பதில் காங்கிரஸ் பலமுறை நிலை மாறியது. அமெரிக்க விகிதம் 30 விழுக்காடு என்றும், ஒருவர் 50 விழுக்காடு வரியுள்ள நாட்டில் 100 டாலரும் பத்து விழுக்காடு வரியுள்ள நாட்டில் 100 டாலரும் ஈட்டினார் என்றும் கொள்வோம். சேர்த்துக் கணக்கிட்டால் அவர் செலுத்திய 60 டாலரும் வரவாகும். தனித்தனியே கணக்கிட்டால் முதல் நாட்டுக்கு 30, இரண்டாம் நாட்டுக்கு 10 என 40 டாலரே வரவாகும்.

1932இல் இரு கணக்குகளுள் குறைந்ததே வரவு என்று சட்டம் இறுகியது. 1954இல் நாட்டுவாரிக் கணக்கு மட்டும் எஞ்சியது. 1960இல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடைத்தது. 1976இல் மீண்டும் ஒருங்கு சேர்ந்த கணக்கே பொதுவிதியாயிற்று. 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வருமானத்தைப் பல வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனி வரம்பு வைத்தது. இம்மாற்றங்கள் பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனங்களை நோக்கியவை. ஆயினும் அயலகத்தில் பாடம் நடத்திய ஆசிரியரும் மருத்துவம் பார்த்தவரும் வரவு பெற அதே விதிகளைப் பின்பற்ற வேண்டியிருந்தது.

5. குக் எதிர் டைட்: குடியுரிமையே அடிப்படை

இம்முறையின் அரசியலமைப்பு அடிப்படை 1924இல் சோதிக்கப்பட்டது. ஜார்ஜ் குக் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். மெக்சிகோ நகரில் நிலையாகக் குடியேறியவர். அவருடைய வருமானம் மெக்சிகோவிலுள்ள சொத்திலிருந்தே வந்தது. வரித்துறை கணக்குக் கேட்க, அவர் எதிர்ப்புடன் தாக்கல் செய்தார். 1,193.38 டாலர் வரி விதிக்கப்பட்டது. முதல் தவணையாக 298.34 டாலரைச் செலுத்திவிட்டு, அதனைத் திரும்பக் கேட்டு மேரிலாந்து மாவட்ட வரித்தண்டல் அதிகாரி கேலன் டைட் மீது வழக்குத் தொடுத்தார்.

குடியிருப்பும் அயல்நாட்டில், சொத்தும் அயல்நாட்டில் எனும்போது வரி விதிக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதே குக் எழுப்பிய வினா. நீதிபதி ஜோசப் மெக்கென்னா 1924 மே 5ஆம் நாள் நீதிமன்றத்தின் ஒருமித்த முடிவை எழுதினார். அரசு தன் இயல்பாலேயே குடிமகனுக்கும் அவன் சொத்துக்கும் அவை எங்கிருந்தாலும் நன்மை தருகிறது; வரி விதிக்கும் அதிகாரம் சொத்தின் இருப்பிடத்தையோ குடியிருப்பையோ சார்ந்ததன்று, அரசுக்கும் குடிமகனுக்கும் உள்ள உறவைச் சார்ந்தது என்பது தீர்ப்பின் சாரம்.

நூறாண்டுகளாக இத்தீர்ப்பே குடியுரிமைவழி வரியின் தூணாக நிற்கிறது. அரசு தரும் நன்மை யாது, அதன் அளவு யாது என்று நீதிமன்றம் கணக்கிடவில்லை. நன்மை உண்டு என்று கொள்வதே அதற்குப் போதுமானதாயிற்று. குக் வாழ்ந்த நகரின் சாலையையும் காவலையும் நீதிமன்றத்தையும் பேணியது மெக்சிகோ. அமெரிக்கா தந்தது கடவுச்சீட்டும் திரும்பி வரும் உரிமையும் தூதரகப் பாதுகாப்பும். இவ்விரு நன்மைகளின் விலையும் ஒன்றாகுமா என்னும் வினாவைத் தீர்ப்பு தொடவில்லை. அதற்கு விடையளிக்கும் பொறுப்பு சட்டமன்றத்திடம் எஞ்சியது.

6. வருமான விலக்கின் ஏற்ற இறக்கம்

சட்டமன்றம் அளித்த விடை ஒரே சீராக இல்லை. 1926இல் காங்கிரஸ், ஆண்டில் ஆறு மாதத்திற்கு மேல் அயலகத்தில் வசித்த குடிமகன் அங்கு உழைத்து ஈட்டிய வருமானம் முழுவதையும் வரியிலிருந்து விலக்கியது. அமெரிக்கப் பொருள்களை அயல்நாடுகளில் விற்கச் செல்வோரைப் பிற நாட்டு வணிகர்களுக்கு நிகராக நிறுத்துவதே இதன் நோக்கம். 1861இல் கடமை தவறியவராகக் காணப்பட்ட அயலகக் குடிமகன், 1926இல் நாட்டின் வணிகத் தூதராகக் காணப்பட்டார்.

1942இல் விதி இறுகி, ஆண்டு முழுதும் அயல்நாட்டின் மெய்யான குடியிருப்பாளராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 1951இல் பதினெட்டு மாதங்களில் பதினேழு மாதம் அயலகத்தில் இருந்தாலே போதும் என்னும் மாற்றுவழி திறந்தது. அவ்வழியைத் திரைப்பட நடிகர்கள் பயன்படுத்திக்கொள்ளவே, 1953இல் அதற்கு 20,000 டாலர் உச்சவரம்பு வந்தது. 1962இல் மெய்யான குடியிருப்பாளருக்கும் வரம்பு வந்தது. 1976இல் விலக்கு 15,000 டாலராகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்பு எழ, அது நடைமுறையில் வேரூன்றும் முன்பே 1978இல் வாழ்க்கைச் செலவு, வீடு, குழந்தைகளின் கல்வி ஆகியவற்றுக்கான கழிவுகள் அதன் இடத்தில் வைக்கப்பட்டன. 1981இல் காற்று மீண்டும் திசை மாறி, 75,000 டாலர் விலக்கு ஏற்பட்டது. 1986இல் அது 70,000 டாலராகத் தாழ்ந்தது. பின்னர் மெல்ல உயர்ந்து, விலைவாசியுடன் இணைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலராக நின்றது.

ஒரு தலைமுறைக் காலத்தில் இத்தனை திருப்பங்கள் நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. அயலகக் குடிமக்கள் சிதறி வாழ்பவர்கள். தமக்கெனத் தொகுதியோ உறுப்பினரோ அற்றவர்கள். ஏற்றுமதி வளர்ச்சி நாட்டின் கவலையாக இருந்தபோது விலக்கு உயர்ந்தது. கருவூலப் பற்றாக்குறை கவலையாக இருந்தபோது தாழ்ந்தது. உழைப்பால் வந்த வருமானத்திற்கே இவ்விலக்கு உரியது. ஓய்வூதியம், வட்டி, பங்காதாயம், சொத்து விற்ற ஆதாயம் ஆகியவற்றுக்கு வரி வரவே துணை.

7. குடியுரிமை உறுதிப்பட்டது, வரிவலை விரிந்தது

வரிச் சட்டத்திற்கு வெளியே நிகழ்ந்த மற்றொரு மாற்றம் இவ்வரலாற்றில் போதிய கவனம் பெறுவதில்லை. குடியுரிமையே வரியின் அடிப்படை எனும்போது, குடியுரிமை எளிதில் இழக்கப்படுமாயின் வரிக்கடமையும் எளிதில் அகன்றுவிடும். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியேறிக் குடியுரிமை பெற்ற ஒருவர் தம் பூர்விக நாட்டில் இரண்டாண்டு வசித்தால் அமெரிக்கக் குடிமகனாக இருத்தலை விட்டுவிட்டதாகக் கொள்ளப்பட்டார். 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மூன்றாண்டு வசிப்பால் குடியுரிமையே இழக்கும் விதியாகத் தொடர்ந்தது. ஊர் திரும்பியவர் குடியுரிமையை இழந்தார். வரிக்கடமையும் அதனோடு நீங்கிற்று.

1964இல் ஷ்னைடர் எதிர் ரஸ்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கியது. 1967இல் அஃப்ரோயிம் எதிர் ரஸ்க் வழக்கில், குடிமகன் தானே விட்டுக்கொடுத்தாலன்றி அரசு குடியுரிமையைப் பறிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1980ஆம் ஆண்டு டெராசாஸ் வழக்கு, கைவிடும் எண்ணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றது. இவை குடிமகனின் உரிமையைக் காத்த தீர்ப்புகள். அதே வேளை, ஊர் திரும்பியவரையும், அமெரிக்க மண்ணில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரின் நாட்டுக்குச் சென்றவரையும் வாழ்நாள் முழுதும் வரிக்கணக்குக்கு உரியவராக ஆக்கியவையும் இவையே. உரிமையின் காவல் கடமையின் நீட்சியாகவும் அமைந்தது.

தமிழரின் புலம்பெயர்வு இவ்விடத்தில் இவ்வரலாற்றோடு இணைகிறது. 1923ஆம் ஆண்டு திந்த் வழக்கின் தீர்ப்பு இந்தியர்க்குக் குடியுரிமையை மறுத்தது. 1946ஆம் ஆண்டு லூஸ்–செல்லர் சட்டம் அதனைத் திறந்தது. 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திற்குப் பின்பே தமிழர் பெருமளவில் அங்குச் சென்றனர். ஆகவே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பின் சென்னைக்கோ மதுரைக்கோ திரும்பி வாழும் தலைமுறை, குடியுரிமை உறுதிப்பட்ட காலத்தைச் சேர்ந்தது. இந்தியா வசிப்பிட அடிப்படையில் அவர்தம் உலக வருமானத்திற்கு வரி கேட்கிறது. அமெரிக்கா குடியுரிமை அடிப்படையில் கேட்கிறது. 1989இல் கையெழுத்தாகி 1990இல் நடைமுறைக்கு வந்த இந்திய–அமெரிக்க உடன்படிக்கை இரட்டை வரிக்குத் தணிப்பு தருகிறது. ஆயினும் தன் குடிமக்கள் மீது உடன்படிக்கை இல்லாததுபோலவே வரி விதிக்கும் உரிமையை அதன் காப்புக்கூறு வழி, சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்கா வைத்துக்கொண்டது. இந்திய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்க, அமெரிக்க வரியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் இரு கணக்குகளைப் பொருத்துவதே தனி வேலையாகிறது. இந்தியப் பரஸ்பர நிதியில் இட்ட சேமிப்பு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் அயல்நாட்டு முதலீட்டு நிறுவன விதிகளுக்குள் பொதுவாக அடங்கி, கடுமையான கணக்கீட்டுக்கு உள்ளாகிறது.

8. செலுத்துவதிலிருந்து அறிவிப்பதற்கு

அமெரிக்காவுக்கு இணையாகவோ கூடுதலாகவோ வரி விதிக்கும் நாட்டில் வாழ்வோருக்கு வரி வரவு பெரும்பாலும் அமெரிக்க வரியை முற்றிலும் நீக்கிவிடுகிறது. ஆனால் வரி இல்லை என்பது கணக்கு இல்லை என்பதாகாது. வரவை உரிமை கோரிப் பெற வேண்டும். அதற்கு 1116 படிவம். வருமான விலக்குக்கு 2555 படிவம். வெளிநாட்டவரை மணந்து தனியே தாக்கல் செய்யும் குடிமகனுக்கு, 2018க்குப் பின், மொத்த வருமானம் ஐந்து டாலரை எட்டினாலே தாக்கல் கடமை உண்டாகிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த 3.8 விழுக்காட்டு நிகர முதலீட்டு வருமான வரிக்குச் சட்டம் வெளிநாட்டு வரி வரவை அளிக்கவும் இல்லை.

இவற்றோடு வரிச் சட்டத்திற்கு அப்பாலிருந்தும் கடமைகள் வந்தன. 1970ஆம் ஆண்டு வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ், அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைக் கடந்தால் கருவூலத்திற்கு அறிவிக்க வேண்டும். குற்றப்பணத்தைத் தேடுவதற்காக எழுந்த அவ்விதி, அயலகக் குடிமகனின் ஊதியக் கணக்குக்கும் பொருந்திற்று. அமெரிக்காவில் வசிப்பவருக்கு அயல்நாட்டுக் கணக்கு என்பது விதிவிலக்கு. அயலகத்தில் வசிப்பவருக்கோ அது பால்காரருக்குப் பணம் கொடுக்கும் கணக்கு. 2004ஆம் ஆண்டுச் சட்டம், உள்நோக்கமற்ற தவறுக்கும் 10,000 டாலர் வரை தண்டம் விதிக்க வழிசெய்தது.

2009இல் சுவிட்சர்லாந்தின் யூ.பி.எஸ். வங்கி, அமெரிக்கர் வரி ஏய்க்க உதவிய வழக்கில் 78 கோடி டாலர் செலுத்த இசைந்தது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ஃபாட்கா எனப்படும் அயல்நாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்க வாடிக்கையாளரின் விவரங்களைத் தர மறுக்கும் அயல்நாட்டு நிதி நிறுவனத்திற்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் பணத்தில் 30 விழுக்காடு பிடித்தம் என்பது அதன் ஆற்றல். இந்தியா 2015 ஜூலையில் இதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. பல நாடுகளில் வங்கிகள் அமெரிக்கக் குடிமக்களை வாடிக்கையாளராக ஏற்கத் தயங்கின. பாரிசில் ஒளிந்த செல்வரை நோக்கிய 1861ஆம் ஆண்டின் ஐயம், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் திரும்பியது எனலாம்.

அதன் அளவை 2023 பிப்ரவரியில் தீர்ப்பான பிட்னர் வழக்கு காட்டுகிறது. ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிட்னர், கம்யூனிச ஆட்சி வீழ்ந்தபின் தாய்நாடு திரும்பித் தொழில் நடத்தியவர். கணக்கு விவரங்களை ஐந்து ஆண்டுகளுக்கு உரிய காலத்தில் அறிவிக்கவில்லை. உள்நோக்கம் இருந்ததாக அரசு வாதிடவில்லை. 272 கணக்குப் பதிவுகளுக்குத் தனித்தனியே 10,000 டாலர் என 27.2 லட்சம் டாலர் தண்டம் கேட்கப்பட்டது. தண்டம் அறிக்கைக்கு ஒன்றே, கணக்குக்கு ஒன்றன்று என்று உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில் முடிவு செய்ய, அத்தொகை 50,000 டாலராகக் குறைந்தது. வழக்கு வரியைப் பற்றியதன்று, அறிவிப்பைப் பற்றியது. அறிவிப்பின் தவறே ஒரு வாழ்நாள் சேமிப்பைக் கேட்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது என்பது இதனால் புலப்படுகிறது.

விலகும் வழியும் செலவற்றதன்று. குடியுரிமையைத் துறப்பதற்கான தூதரகக் கட்டணம் 2010இல் 450 டாலராக விதிக்கப்பட்டு, 2014இல் 2,350 டாலராக உயர்ந்தது. 2008ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட செல்வ வரம்பைக் கடந்தவர் துறக்கும்போது அவர் சொத்துகளை விற்றதாகவே கொண்டு வரி கணக்கிடுகிறது. துறப்பவர் கடந்த ஐந்தாண்டின் வரிக்கடமைகளை நிறைவேற்றியதாக உறுதிகூற வேண்டும். இல்லையேல் செல்வம் எவ்வளவாயினும் அவ்விதி அவரைப் பற்றும்.

முடிவுரை

அமெரிக்காவின் குடியுரிமைவழி வரி, போர்க்காலத்தில் நாட்டைவிட்டு விலகி நின்ற செல்வரின் மீதான ஐயத்தில் தோன்றியது. 1913இல் அது பொதுச் சட்டமாயிற்று. 1924இல் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றது. உயர்விகிதக் காலத்தில் அம்முறை தாங்கக்கூடியதாக இருந்ததற்குத் தாமஸ் ஆடம்ஸ் வகுத்த வெளிநாட்டு வரி வரவே முதன்மைக் காரணம். ஒரே வருமானத்திற்கு இருமுறை வரி செலுத்தும் அநீதிக்கு அது விடையாயிற்று.

அவ்விடை பணத்தைப் பற்றியது. இன்றைய அயலகக் குடிமகனின் குறை பெரும்பாலும் மெய்ப்பிப்பைப் பற்றியது. செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை என்பதை ஆண்டுதோறும் இரு நாணயங்களில், இரு நாட்காட்டிகளில், பல படிவங்களில் அவர் நிறுவ வேண்டியிருக்கிறது. தவறினால் இல்லாத வரிக்கும் இருக்கும் தண்டம். குடியுரிமையைக் காத்த தீர்ப்புகள் இவ்வலைக்குள் ஊர் திரும்பியவரையும் தற்செயலாக அம்மண்ணில் பிறந்தவரையும் நிலைநிறுத்தின. 1861இன் சட்டமன்றம் கண்ட செல்வர் சிலரே. 1967க்குப் பின் அதே விதிக்குள் வந்தவர் பல வகையினர். விதியை ஆக்கியோர் எண்ணிய மனிதரும் விதியைச் சுமக்கும் மனிதரும் வேறுபட்டுப் போனதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல். குடிமகனுக்கு அரசு தரும் நன்மையின் அளவு யாது என்று மெக்கென்னா கேட்காமல் விட்ட வினா, அவர்களால்தான் மீண்டும் எழுப்பப்படுகிறது.